ஆற்றங்கரையில் ஒரு தொழில் வளாகம்: முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி போன வாரம் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்று சொன்னார்கள். கல்லூரி நினைவுகளைப் பேசலாம் என்றால், எனக்கு முன்னால் பேசிய சீனியர்கள் விடுதிச் சாம்பாரில் ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே பேசுகிறேன்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்து நிறுவுகிற வேலையில் நான் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். சொல்லப்போனால், தொழிற்சாலைக்குள் பின்வாசல் வழியாகப் போகிறவன். முன்வாசலில் பூந்தொட்டியும் வரவேற்பு அறையும் இருக்கும். பின்வாசலில் தொட்டி, பம்பு, குழாய், மோட்டார். ஊருக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள உறவு நல்லபடி இருக்கப் போகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தப் பின்வாசலில்தான் முடிவாகிறது.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்: ஆற்றங்கரையில் ஒரு தொழில் வளாகம் வரப்போகிறது என்று ஓர் ஊரில் பேச்சு கிளம்பினால், அந்த ஊர்க்காரர்கள் என்ன கேட்க வேண்டும்? எப்போது கேட்க வேண்டும்?

தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. என் சாப்பாடே அதில்தான். நம் குமரி மாவட்டத்தில் படித்த பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் வேலைக்குத் திருவனந்தபுரம், சென்னை, பெங்களூர், அதையும் தாண்டி வளைகுடா. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் லீவு போட்டு ரயில் ஏறி வந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிக்கு மேல் கை தூக்குவீர்கள். என் அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, இங்கனயே ஒரு கம்பெனி வந்தா நான் ஏன் துபாய்க்குப் போகணும்?" நியாயமான கேள்வி. அதே வீட்டில் நெல் விவசாயியான என் சித்தப்பா கேட்கிறார்: "எல்லாம் சரிதான் மக்கா. மாசி அறுப்பு முடிஞ்ச பொறவு அவனுக்குத் தண்ணி எங்க இருந்துடே வரும்?" இதுவும் நியாயமான கேள்வி. இரண்டு பேரும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கேள்விக்காக இன்னொருவர் வாயை அடைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

முதலில் பக்கத்து மாவட்டத்துக் கதையைப் பார்ப்போம். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் சிப்காட் தொழில் வளாகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கோக்கோ கோலா பானம் நிரப்பும் ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று 2005 வாக்கிலேயே போராட்டங்கள் தொடங்கின. பிறகு பெப்சிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த இரண்டு ஆலைகளுக்கும் ஆற்றுத் தண்ணீர் தர இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரைத்தான் தருகிறோம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடி ஆகித் தடையும் நீங்கியது. அதே மார்ச் முதல் தேதியிலிருந்து அந்தக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எஞ்சினியரின் கண்ணுக்குப் பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோக் ஆலைக்கு நாளொன்றுக்கு 9 லட்சம் லிட்டர் வரை, விலை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்று அப்போது செய்தித்தாள்களில் வந்தது. ஒரு லிட்டர் நாலு காசுக்கும் குறைவு. கேட்டவர்களுக்கு ஆத்திரம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் 9 லட்சம் லிட்டர் என்பது அதிகமா, கொஞ்சமா?

அணையில் தண்ணீர் திறப்பதைக் கனஅடியில் சொல்கிறோம். விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 24 லட்சத்து 46 ஆயிரம் லிட்டர். அப்படியானால் 9 லட்சம் லிட்டர் என்பது அரைக் கனஅடிகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆயிரக்கணக்கான கனஅடி கடலுக்கு ஓடுகிறபோது இது ஒரு பொருட்டே அல்ல. கம்பெனிக்காரர் இந்தக் கணக்கைக் காட்டுவார். பொய் இல்லை.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு 55 லிட்டர். 9 லட்சம் லிட்டர் என்பது நகரத்தில் சுமார் 6,600 பேருக்கு, கிராமத்தில் சுமார் 16,000 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். போராட்டக்காரர் இந்தக் கணக்கைக் காட்டுவார். இதுவும் பொய் இல்லை.

ஆக, ஒரே எண்ணை இரண்டு பேரும் அவரவர்க்குத் தோதான அளவுகோலில் வைத்துப் பேசுகிறார்கள். ஊர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை லிட்டர்?" என்பதோடு நிற்கக் கூடாது. "ஆற்றில் எது மிகவும் வறண்ட மாதமோ, அந்த மாதத்தில் ஆற்றில் ஓடுவது எவ்வளவு, அதில் நீங்கள் எடுப்பது எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். வருஷ சராசரியை வைத்து யாரும் குடிக்க முடியாது. உபரி என்பது மழைக்காலத்துச் சொல். தொழிற்சாலை வருஷத்தில் 365 நாளும் ஓடும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், எஞ்சினியர் மிஞ்சின் கட்டியது. பிறகு பெருஞ்சாணி. இந்தக் கோதையாறு பாசனத்தில் சுமார் 79,000 ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் என்று கிளை பிரிந்து, குளங்களை நிரப்பி, கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகிறது. அணை திறப்பு ஜூன் 1ஆம் தேதி, அடைப்பு பிப்ரவரி 28 என்பது வழக்கம். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் சானலில் தண்ணீர் கிடையாது. கோடை மழை பெய்தால் உண்டு.

என் சித்தப்பா கேட்டாரே, மாசி அறுப்பு முடிஞ்ச பொறவு தண்ணி எங்க இருந்து வரும் என்று? எந்தக் கல்லூரியிலும் ஹைட்ராலஜி படிக்காத மனுஷர், சரியான இடத்தில் விரல் வைத்துவிட்டார். அந்த மூன்று மாதத்துக்கு ஆலைக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்று எழுதித் தருவார்களா? அப்படியானால் எங்கிருந்து எடுப்பார்கள்? போர் போட்டா? லாரியிலா? மழைக்காலத்தில் பிடித்து வைத்த சொந்தக் குளத்திலிருந்தா? குளம் என்றால் அதன் கொள்ளளவு என்ன? இவற்றில் எது என்று தெரிந்தால்தான் பேச்சு மேலே போக வேண்டும்.

நம் ஆறுகள் சின்ன ஆறுகள். பழையாறு மலையில் பிறந்து, பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் கடந்து மணக்குடியில் கடலில் சேர்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. குழித்துறைத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடுகிறது. ஆற்றில் நன்னீர் குறைந்தால் கடல்நீர் மேலே ஏறும். பரக்காணியில் தடுப்பணை கட்டியதே அதற்காகத்தான். ஆகவே நம் ஊரில் ஆற்றுத் தண்ணீரை எடுப்பது என்றால், எடுத்த அளவு மட்டும் குறைவதில்லை. கழிமுகத்துக் கிணறுகளின் ருசியும் அதோடு சேர்ந்து போகலாம். கீழ்க்கரையில் மீன் பிடிப்பவரையும் இந்தப் பேச்சில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, பின்வாசல். உள்ளே போகிற தண்ணீரைப் பற்றித்தான் ஊரே சண்டை போடும். வெளியே வருகிற தண்ணீரைப் பற்றி, "சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறோம்" என்று சொன்னவுடன் எல்லோரும் திருப்தியாகி விடுவார்கள். தயவுசெய்து ஆகாதீர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்பது மந்திரப் பெட்டி அல்ல. சாப்பாட்டுக் கழிவு, மாவு, சர்க்கரை மாதிரி அழுகக்கூடிய பொருளை நாங்கள் தொட்டியில் காற்று அடித்துப் பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுப்போம். அது தீர்ந்துவிடும். உப்பைப் பாக்டீரியா தின்னாது. உப்பு தண்ணீரோடு வெளியே போகும். இல்லையென்றால் தண்ணீரிலிருந்து பிரித்து ஓரிடத்தில் குவித்து வைக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

தமிழ்நாட்டில் ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது வாரியத்தின் அளவு. ஒரு வளாகம் சட்டத்தை ஒரு துளிகூட மீறாமல், அந்த அளவிலேயே நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் விடுகிறது என்று வையுங்கள். மாணவத் தம்பிகள் மனக்கணக்குப் போடலாம். ஒரு நாளைக்கு 2,100 கிலோ உப்பு. வருஷத்துக்கு 766 டன். கார்த்திகையில் ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோய் விடும். பங்குனியில் ஆறு நின்றுபோயிருக்கும்போது? உப்பு அங்கேயே, கரையோரக் கிணற்றிலேயே உட்காரும். ஆகவே இரண்டாவது கேள்வி: "லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது இருக்கட்டும். நாளைக்கு எத்தனை கிலோ? அது எங்கே போய்ச் சேரும்?"

இது கற்பனை இல்லை. நொய்யல் ஆற்றில் 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள், பாசனத்துக்காக. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகள். சாயம் துணியில் ஒட்டுவதற்கு உப்பு வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் அணையில் தேங்கியது. அணையைத் திறங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், சில வருஷங்களிலேயே, திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். உலகத்தில் எந்த விவசாயியும் கேட்க விரும்பாத கோரிக்கை அது. வழக்குகள் நடந்தன. கழிவுநீரே வெளியே வரக் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2006இல் சொன்னது. அது சரிவர நடக்காமல் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. நஷ்டப்பட்டது யார்? நிலத்தை இழந்த விவசாயி முதலில். பிறகு, அந்தப் பட்டறையில் கூலி வாங்கிய தொழிலாளி. பிறகு, வங்கிக் கடனில் பட்டறை போட்ட சிறு முதலாளி.

அதற்குப் பிறகு திருப்பூரில் வந்ததுதான் எங்கள் தொழிலில் ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்லும் முறை. ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே கொடுப்பார்கள். நூறு லிட்டரில் எண்பத்தைந்து, தொண்ணூறு லிட்டர் மீளும். மீதிக் கடும் உப்புத் தண்ணீரை நீராவியில் காய்ச்சி வற்ற வைப்பார்கள். செலவு அதிகம், மின்சாரம் அதிகம், கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பைக் கொட்ட இடம் தேடுவது இன்னொரு தலைவலி. ஆனால் தொழிலும் ஓடுகிறது. இதே இயந்திரங்களை முதலிலேயே வைத்திருந்தால்? வைக்கச் சொல்லி முதல் வருஷமே யாராவது கேட்டு, கேட்டதற்குப் பதில் கிடைத்திருந்தால்? அணையும் பிழைத்திருக்கும், அந்தக் கூலித் தொழிலாளியின் சம்பளமும் பிழைத்திருக்கும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை நாம் அரசியல் மேடைக்கே விட்டுவிட்டோம்.

பாலாற்றுக் கதை இன்னும் நீளம். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிலால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு உச்சநீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அதே உச்சநீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் இழப்பீடு கொடுக்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம். ஒரு குழந்தை பிறந்து, படித்து, நம் கல்லூரியில் பட்டம் வாங்கி, வேலைக்கும் போயிருக்கும்.

1996 தீர்ப்பில் நமக்கு உதவுகிற இன்னொரு விஷயம் இருக்கிறது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழில் தொடங்குகிறவருடையது என்றும் அது சொன்னது. ஆக, "கெடுதல் வரும் என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?" என்று யாராவது நம் ஊர்க்காரரைக் கேட்டால் அவர் பயப்பட வேண்டியதில்லை. கேள்வி கேட்பது ஊரின் வேலை. பதில் கொண்டுவருவது அவர்கள் வேலை.

மூன்றாவது கேள்வி வெள்ளம். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றங்கரை வளாகத்தில் கழிவுநீர்த் தொட்டியும் ரசாயனக் கிடங்கும் எந்த மட்டத்தில் கட்டப் போகிறார்கள்? எந்த வருஷத்து வெள்ளத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? வரைபடத்தில் அந்த மட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், "வெள்ளம் எதுவரை வந்தது?" என்று கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காவது, வேலை. இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. எத்தனை வேலை நிரந்தரம், எத்தனை ஒப்பந்தம்? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு வேண்டும், பயிற்சி யார் தருவார்கள்? கட்டுமானக் காலத்து வேலையையும் பிறகு உள்ள வேலையையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறார்களா? "ஆயிரம் பேருக்கு வேலை" என்ற வாய் வார்த்தை ஒப்பந்தப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? என் அக்கா மகனுக்காகக் கேட்கிற கேள்வி இது. தண்ணீர்க் கேள்வியைக் கேட்பவன் வேலைக்கு எதிரி என்று ஆக்கிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

சரி, இவற்றை எங்கே, எப்போது கேட்பது? பலர் நினைப்பது, "பொதுக் கருத்துக் கேட்பு நடக்கும், அங்கே வந்து பேசலாம்" என்று. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பட்டியலில் உள்ள தொழிலுக்கு அந்தக் கூட்டம் உண்டு. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும், நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கவனியுங்கள். பட்டியலிலேயே இல்லாத தொழிலுக்கு இந்தக் கூட்டம் கிடையாது. அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் தனித்தனி ஆலைக்குக் கிடையாது. பட்டியலில் உள்ள தொழில் எதுவும் இல்லாத, 500 ஹெக்டேருக்குக் குறைந்த பேட்டைக்கு அந்த அனுமதியே தேவையில்லை. பெரிய கட்டட வளாகங்களுக்கும் கருத்துக் கேட்பு இல்லை என்றுதான் அந்த அறிவிக்கை சொன்னது. அதாவது, வராத பஸ்ஸுக்காக ஊரே ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்.

இருந்த வாசலும் அடைபடலாம். நம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்க இருந்த கருத்துக் கேட்பு, மக்கள் எதிர்ப்பால் தள்ளிப் போனது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

ஆகவே மற்ற வாசல்களையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் கழிவுநீர் விடும் ஆலை எதையும் நிறுவவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அந்த இசைவில் எத்தனை லிட்டர், என்ன அளவு என்று நிபந்தனை இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டு வாங்கலாம். ஆறு, ஓடை, அணைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்கள் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1989லேயே உத்தரவு போட்டது. 1996 தீர்ப்பும் அதை எடுத்துச் சொல்லி நிலைநிறுத்தியது. வரப்போகும் தொழில் அந்த வகையில் அடங்குமா என்று இடம் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டும், கட்டடம் எழும்பிய பிறகு அல்ல.

பிறகு கிராம சபை. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நம் அணை அடைத்து மூன்று வாரம் ஆகியிருக்கும் நேரம். தண்ணீரைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பஞ்சாயத்து என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு, 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி என்ற கிராமப் பஞ்சாயத்துதான். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2017இல் அங்கே மறுபடி தொடங்கும் எண்ணமில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. ஆனால் அங்கேயும் ஊர் விழித்தது கிணறு கெட்ட பிறகுதான்.

இப்போது நம்மிடம் வருகிறேன். இந்தத் திட்டங்களின் முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். என் சித்தப்பா அதைப் படிக்க முடியாது. தமிழ்ச் சுருக்கத்தில் உப்பின் கிலோக் கணக்கைத் தேடினாலும் கிடைக்காது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யார்? நாம்தான். சிவில், கெமிக்கல், மெக்கானிக்கல் என்று இந்த ஊர் அரிசியைத் தின்று, இங்கேயே படித்துவிட்டுப் போனவர்கள். நம்மில் சிலர் அந்த அறிக்கைகளை எழுதிக் கொடுக்கிற நிறுவனங்களிலேயே வேலை செய்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இதில என்னடே போட்டிருக்கு?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்ல நம்மால் முடிய வேண்டும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுப்பது அவர்கள் உரிமை. கணக்கைப் புரிய வைப்பது நம் கடமை.

அதனால் சங்கத்துக்கு ஒரு யோசனை. தொழில் வளாகம் வரட்டும், வராமல் போகட்டும், நம் ஆற்றின் இன்றைய நிலை என்ன என்பதற்கு நம்மிடம் ஒரு பதிவேடு வேண்டும். இந்த அறிக்கைகளில் ஆற்றின் தண்ணீர்த் தரத்தைப் பெரும்பாலும் ஒரு பருவம், அதாவது மூன்று மாதம் அளந்துதான் எழுதுகிறார்கள். நம் மாணவர்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பழையாற்றில் ஐந்து இடத்தில் தண்ணீர் எடுத்து, கரைந்த உப்பையும் அமிலத்தன்மையையும் அளந்து, பாலத்துத் தூணில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, நூலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். கையடக்க மீட்டரின் விலை பெரிதல்ல. அதை வாங்கித் தருவதும், வருஷத்துக்கு ஒருமுறை தரமான ஆய்வகத்தில் சோதிக்கும் செலவும் முன்னாள் மாணவர்கள் பொறுப்பு. முதல் இரண்டு மீட்டரை நான் வாங்கித் தருகிறேன்.

நகரத்துச் சாக்கடை பழையாற்றில் கலக்கிற இடத்துக்கு மேலேயும் கீழேயும் கட்டாயம் அளக்க வேண்டும். வரப்போகும் தொழிற்சாலையைக் கேள்வி கேட்பவர்கள், இன்றைக்கே நாம் ஆற்றில் விடுவது என்ன என்பதையும் அதே நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். கீழே சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையைக் காப்பாற்றவும் இந்த நோட்டு உதவும்.

ஐந்து வருஷம் இப்படி எழுதினால், நாளைக்கு எந்தக் கம்பெனி வந்தாலும், எந்த அதிகாரி வந்தாலும், "மே மாதத்தில் எங்கள் ஆறு இப்படித்தான் இருக்கும், இதோ கணக்கு" என்று ஊர் மேஜை மேல் வைக்கலாம். நல்ல கம்பெனியாக இருந்தால் அந்த நோட்டைப் பார்த்து ஓட மாட்டான். நன்றி சொல்லி வாங்கி, அதற்கேற்ற இயந்திரத்தைப் போடுவான். அப்படிப்பட்டவன்தான் நம் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் வேலை கொடுக்கப் போகிறவன்.

மாணவத் தம்பி தங்கைகளில் விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளர் அண்ணாச்சியிடம் பெயர் கொடுங்கள். வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒழுகினசேரிப் பாலத்தடியில் சந்திப்போம். ரயிலைத் தள்ளிப் போட்டாவது நானும் இருப்பேன்.